இளவேனிற் கடதாசி மடிப்பு: சின்னப் பிள்ளைகளுக்கான கைவேலை



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று சின்ன வயதில் பாடமாக்கினோம். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு மாதமும் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெக்கைக்கும் இளவேனில் என்ற இனிமையான பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. துரொண்ட்ஹெய்முக்கு வந்த பிறகுதான் விளங்கியது. சித்திரை வருடப்பிறப்பு வருகின்ற ஏப்ரல் நடுப்பகுதியில் இங்கே பகல் பதினான்கு மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். தெருவோரத்தில் அழுக்கேறிய பனிக்குவியல் இன்னும் கரையாமற் கிடக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஹெஸ்தெஹோவ் என்ற சின்ன மஞ்சட் பூ, இலை ஒன்றும் விடாமல், பூவை மட்டும் நீட்டிக்கொண்டு மண்ணைப் பிளந்து நிற்கும். வைகாசியில் பேர்ச் மரங்கள் துளிர்க்கும். எங்கள் பஞ்சாங்கத்து இளவேனில் ஊரைவிட இந்த 63ஆவது அகலக்கோட்டுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இந்தக் காலத்தில், வருடப்பிறப்புக்கு முன்னும் பின்னுமாக, நான்கு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளோடு செய்யக்கூடிய சில கடதாசி மடிப்பு வேலைகளை இங்கே எழுதுகிறேன். கத்தரிக்கோலும் பசையும் பெரும்பாலும் வேண்டியதில்லை. பூசை முடியும்வரை மண்டபத்தில் ஓடித்திரிகின்ற பிள்ளைகளை ஒரு மூலையில் இருத்தி வைப்பதற்கும் இது உதவும். ஆனால் நான் இதைத் தமிழ் வகுப்புக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். கடதாசி மடிப்பு என்றவுடன் எல்லாருக்கும் ஞாபகம் வருவது யப்பானியரின் கொக்கு. ஹிரோஷிமாவின் அணுகுண்டு வீச்சுக்குப் பின் நோயுற்று, 1955இல் பன்னிரண்டு வயதில் இறந்துபோன சடாகோ சசாகி என்ற சிறுமி கொக்கு மடித்த கதையும் உலகம் அறிந்தது. அந்தக் கதையைச் சொல்லி, அந்தக் கொக்கையே முதல் நாட் பாடமாக வைத்தேன். கொக்குக்கு இருபதுக்கு மேற்பட்ட மடிப்பு வேண்டும். இடையில் ஓர் இடத்தில், ஒரு மடலைத் தூக்கி இரு பக்கமும் உள்ளே ஒடுங்க விரிக்க வேண்டும். பெரியவர்களுக்கே அந்த இடத்தில் கை தடுமாறும். ஐந்து வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பத்து நிமிடத்தில் இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் கடதாசியைக் கசக்கிப் பந்தாக்கி எறிந்தான், மிச்சப் பேர் "ரீச்சர், நீங்களே செய்து தாங்கோ" என்று என் முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் பதினொரு கொக்கு மடித்து, பதினொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததோடு வகுப்பு முடிந்தது. பிள்ளையின் கை செய்யாத கைவேலையால் ஒரு பயனும் இல்லை என்று அன்றைக்குப் படித்தேன்.

அதன் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். நான்கு வயதுக்கு இரண்டு மடிப்பு. ஐந்து வயதுக்கு நான்கு, ஐந்து. ஏழு வயதுப் பிள்ளை கப்பல் செய்யும். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை, என் மேசையில் கண்டது அவ்வளவுதான்.

இனிக் கடதாசி. பொழுதுபோக்குப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக 15 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரிகாமித் தாள் வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் சிறிது. வீட்டிலும் வேலைத்தலத்திலும் இருக்கின்ற சாதாரண ஏ4 தாளே போதும். நிறத் தாள் இருந்தால் நல்லது. பரிசுப்பொருள் சுற்றுகின்ற மினுமினுப்பான தாள் வேண்டாம், அது மடிப்பில் நிற்காமல் நிமிர்ந்துவிடும். வரைகின்ற தடித்த மட்டை சின்ன விரலுக்கு மடங்காது.

ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம், 297 மில்லிமீற்றர் நீளம். எங்களுக்கு வேண்டியது சதுரம். தாளை நெடுக்காக வைத்து, மேல் இடது மூலையைப் பிடித்து, மேல் விளிம்பு முழுவதும் வலது விளிம்பின்மேல் ஒட்டிப் படுக்கும்படி சரிவாக மடியுங்கள். கீழே ஒரு பட்டி மிஞ்சும். அந்த இடத்தில் மடித்து, நகத்தால் நன்றாக நீவி, மறுபக்கமும் மடித்து நீவி, மெதுவாகக் கிழித்தால் நேராகக் கிழியும். (ஒரு பையன் மடிப்பை நாக்கால் நனைத்துக் கிழித்தான். அதுவும் நன்றாகத்தான் கிழிந்தது, ஆனால் மற்றப் பிள்ளைகளும் நக்கத் தொடங்கியதால் தடைசெய்துவிட்டேன்.) விரித்தால் 210 மில்லிமீற்றர்ச் சதுரம். கிழித்த பட்டி 87 மில்லிமீற்றர் அகலம். அதை எறிய வேண்டாம்.

இந்த வேலையைப் பெற்றோர் முன்கூட்டியே செய்து வைத்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு, நீட்டுத் தாளிலிருந்து அளவுகோல் இல்லாமற் சதுரம் வருவது பெரிய அதிசயம். "ஏன் நான்கு பக்கமும் ஒரே அளவு?" என்று கேளுங்கள். மேல் விளிம்பை வலது விளிம்பின்மேற் படுக்க வைத்தோமே, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தனவே என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். கேத்திரகணிதத்தின் முதற் பாடம் அது.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமற் போக முடியாது. கடதாசி மடிப்பு முழுக்க முழுக்க யப்பானியர் தந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரிகாமி என்ற சொல் யப்பானியச் சொல்தான், மடித்தல், கடதாசி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஆனால் மடித்த தாளைக் கொண்டே கேத்திரகணிதத்தைக் கற்பிக்கலாம் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதியவர், கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் படித்த சுந்தர ராவ். சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1893இல் சென்னையில் அச்சாகியது. இரண்டே ஆண்டுகளில், 1895இல், ஜேர்மனியின் பெரிய கணித அறிஞரான பீலிக்ஸ் கிளைன் தம்முடைய நூலில் அதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்து அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் அதைத் திருத்திப் பதிப்பிக்க, 1901இல் சிக்காகோவில் வெளிவந்தது. இன்றைக்கும் அச்சில் கிடைக்கிறது. அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே, ஒழுங்கில்லாத கடதாசித் துண்டிலிருந்து சதுரம் எடுப்பதுதான். உங்கள் பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு செய்த அதே வேலை.

சுந்தர ராவுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பாலர் வகுப்புகளுக்கென்று விற்கப்பட்ட 'பரிசு' என்ற கைவேலைப் பெட்டிகளில் எட்டாவது பெட்டி கடதாசி மடிப்பு. அதில் இருநூறு நிறச் சதுரங்கள் இருந்தன. அந்தப் பெட்டிகளின் மூலவர் பிரெட்ரிக் புரோபல். ஜேர்மனியின் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் 1837இல் பாலர் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தவர். எங்கள் பிள்ளைகள் காலையில் இழுத்துப் போர்த்துக்கொண்டு போகின்ற 'பார்னஹாகே' என்ற நோர்வேஜியச் சொல்லுக்கும் அதே பொருள்தான். யப்பானுக்கும் 1876இல் தோக்கியோவில் பாலர் பாடசாலை தொடங்கியபோது புரோபலின் மடிப்புகள் போய்ச் சேர்ந்து, அங்கே ஏற்கெனவே இருந்த மடிப்புகளோடு கலந்துவிட்டன. ஆகவே இது யாருடைய கலை என்று பிள்ளை கேட்டால் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது.

மடிப்புப் புத்தகங்களில் காணப்படும் புள்ளிக்கோடு, அம்புக்குறி என்பவற்றை ஒழுங்குபடுத்தியவர் அக்கிரா யொஷிசாவா (1911 - 2005) என்ற யப்பானியர். அவருடைய முறையில் இரண்டு மடிப்புகளே அடிப்படை. மடித்த கோடு உள்ளே தாழ்ந்து நின்றால் பள்ளத்தாக்கு மடிப்பு, வெளியே உயர்ந்து நின்றால் மலை மடிப்பு. மலையும் பள்ளத்தாக்கும் பார்த்து வளர்கின்ற நோர்வேப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி மடிப்போம்.

முதலாவது பூ. சதுரத்தை ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். கீழ் மூலையை மேல் மூலையோடு சேர்த்து மடித்தால் முக்கோணம் வரும், நீண்ட பக்கம் கீழே, உச்சி மேலே. இடது மூலையை வலது மூலையோடு சேர்த்து ஒரு தரம் மடித்து விரித்துவிடுங்கள். கீழ்ப் பக்கத்தின் நடு எது என்று அந்தக் கோடு காட்டும். அந்த நடுவிலிருந்து இடது மூலையை மேலே தூக்கி மடியுங்கள். இங்கேதான் கவனம். மூலை சரியாக உச்சியோடு போய்ப் பொருந்திவிட்டால் பூ வராது, இரண்டு பக்கமும் மடித்ததும் இன்னொரு சின்னச் சதுரம்தான் கிடைக்கும். உச்சிக்குக் கொஞ்சம் இடது பக்கமாக, வெளியே சரிந்து நிற்க வேண்டும். வலது மூலையையும் அப்படியே வலப்பக்கம் சரித்து மடியுங்கள். மூன்று இதழ் நிமிர்ந்த பூ வந்துவிடும். கீழே இருக்கின்ற கூரைப் பின்பக்கம் சிறிது மடித்துவிட்டால் முடிந்தது. சிவப்பில் செய்தால் கடைகளில் இந்தக் காலத்தில் கட்டுக்கட்டாக விற்கின்ற துலிப்பான் பூ. இளஞ்சிவப்பில் செய்து, இதுதான் தாமரை மொட்டு என்று சொன்னாலும் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஓரஞ்சரியாக மடிக்காத பிள்ளையின் பூ சற்றுக் கோணலாக நிற்கும். தயவுசெய்து அதைத் திருத்தி மடித்துக் கொடுக்காதீர்கள். பெற்றோரிடம் நான் கேட்கும் ஒரே உதவி இதுதான். பிள்ளை கேட்டால் உங்களுடைய சொந்தத் தாளில் செய்து காட்டுங்கள், பிள்ளையின் தாளைத் தொடாதீர்கள்.

இரண்டாவது இலை. இது ஒன்றைப் பழகினால் மூன்று வேலைக்கு உதவும். பச்சைச் சதுரத்தை மறுபடியும் மூலை உங்களைப் பார்க்க வைத்து, மேலிருந்து கீழே ஒரு நடுக்கோடு வரும்படி மடித்து விரியுங்கள். கீழ் மூலையின் இரு பக்கத்து விளிம்புகளையும் அந்த நடுக்கோட்டில் வந்து சந்திக்கும்படி மடியுங்கள். பட்டத்தின் வடிவம் வரும். இனி மேல் மூலையின் இரு விளிம்புகளையும் அப்படியே நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரு முனையும் கூரான இலை கிடைக்கும். நடுக்கோட்டில் ஒரு தரம் மடித்து விரித்தால் இலையின் நரம்பும் வந்துவிடும்.

இந்த இலையைக் குறுக்காகப் பாதியாக மடித்து, பிறகு நெடுக்காக மடித்து, வெளியில் இருக்கின்ற முனையைச் சற்று இழுத்துச் சரித்தால் ஒன்று தண்டு, மற்றது இலை. தண்டின் கூரைப் பூவின் அடியில் செருகினால் பூ மேசையில் நிற்கும். இது ஆறு வயதுக்கு மேல்.

அதே இலையைச் சின்னதாகச் செய்தால் மாவிலை. 210 மில்லிமீற்றர்ச் சதுரத்தை நான்காகக் கிழித்தால் 105 மில்லிமீற்றர்ச் சதுரங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமான இலை ஒன்று வரும். முனையை நூலின்மேல் மடித்துப் பசை வைத்து ஒட்டினால் வாசலுக்கு மாவிலைத் தோரணம். மாமரத்துக்கு இங்கே எங்கே போவது? இருபது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு இலை செய்தால், வருடப்பிறப்பன்று மண்டப வாசலை நிறைக்கலாம். மழையில் நனையாத உள் வாசலிற் கட்டுங்கள்.

இனி நான் முதலில் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் நோர்வேஜிய மொழியில் வரும். வகுப்பில் "இது என்ன?" என்று படத்தைக் காட்டிக் கேட்டால் சொல்வார்கள், அது பரீட்சைத் தமிழ். மணி அடித்ததும் தமிழ் கொப்பிக்குள் போய்விடும். மடிப்பு வேலையில் அப்படியில்லை. கை வேலையில் இருக்கும்போது சொல் தேவைப்படுகிறது. விளிம்பு, மூலை, நடு, கூர், மடி, விரி, திருப்பு, நீவு, செருகு. இந்தச் சொற்கள் இல்லாமல் பக்கத்துப் பிள்ளையிடம் உதவி கேட்க முடியாது. "மூலை பிழைச்சுப் போச்சு, திரும்ப விரி" என்று ஒரு ஐந்து வயதுப் பெண்பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொன்னதைக் கேட்டபோது, நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த வசனங்கள் எல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தன.

நீவு என்ற சொல்லைப் பாருங்கள். நோர்வேயில் பிறந்த பிள்ளை அந்தச் சொல்லை வேறு எங்கே கேட்கப்போகிறது? விரல் நகத்தைக் கோட்டின்மேல் வைத்து இழுக்கும்போது கேட்டால் மறக்காது.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் அப்பம்மா வகுப்புக்கு வந்திருந்தார். ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்தவர். பேத்திக்கு நான்கரை வயது. வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதோடு சரி என்று தாய் என்னிடம் கவலைப்பட்டிருந்தார். அப்பம்மாவின் தமிழ் பேத்திக்கு வேகமாகவும், பேத்தியின் பேச்சு அப்பம்மாவுக்கு அந்நியமாகவும் இருந்தது. நான் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து இருவரையும் பக்கத்திற் பக்கத்தில் இருத்தினேன். அப்பம்மா தாளைக் காட்டி, "மடி ராசாத்தி, மடி" என்றார். பிள்ளை தாளை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய் அப்பம்மாவின் மடியில் ஏறி இருந்துவிட்டது. அதற்குத் தெரிந்த மடி அதுதான். மண்டபமே சிரித்தது. அப்பம்மா பிள்ளையை இறக்கிவிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டே, பிள்ளையின் கையைத் தன் கைக்குள் வைத்து, பூவின் முதல் மடிப்பை மடித்தார். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஐந்து பூச் செய்தார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மேசையில் கிடந்த 87 மில்லிமீற்றர்ப் பட்டிகளில் ஒன்றை, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான ஐயா ஒருவர் எடுத்தார். நீளமாக இரண்டாகக் கிழித்தார். அங்கே இங்கே மடித்துச் செருகினார். கையில் ஒரு குருவி இருந்தது. ஊர்க் கோயிலில் குருத்தோலைத் தோரணத்தில் தொங்குமே, அதே குருவி. மங்கலத் தோரணத்தில் நான்கு குருவி இருக்கும், அமங்கலத் தோரணத்தில் மூன்று என்று அவர் சொல்லத்தான் பல பெற்றோருக்கே தெரிந்தது. சின்ன வயதில் திருவிழாவுக்கு முதல் நாள் இரவிரவாக இருந்து தோரணம் பின்னிய கை அது. இங்கே குருத்தோலை கிடைக்காததால் அந்தக் கைக்கு வேலை இல்லாமற் போயிருந்தது. நாங்கள் புத்தகத்தைப் பார்த்து யப்பானியக் கொக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

குருவி மடிப்பை எழுத்தில் விளக்க எனக்குத் தெரியவில்லை, நானே இன்னும் பிழையில்லாமற் செய்யப் பழகவில்லை. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஓலை பின்னத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், கிலுகிலுப்பை, ஓலைப்பந்து, ஓலைக்காற்றாடி எதுவானாலும், நீளப் பட்டியாக வெட்டிய தாளை அவர்கள் கையிற் கொடுத்துப் பாருங்கள். ஓலை போலத் தாளுக்கு உரம் இல்லை, பட்டியை இரட்டையாக மடித்துக் கொடுத்தால் நிற்கும். அவர்கள் செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். கையடக்கத் தொலைபேசியில் படம் பிடிப்பதைவிட அது நல்லது, படமும் பிடியுங்கள்.

மூன்றாவது வேலை மிகச் சின்னவர்களுக்கு. ஆடுகின்ற கோழிக்குஞ்சு. தேநீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்து மஞ்சள் தாளில் வட்டம் கீறி வெட்டிக் கொடுங்கள். இதற்கு மட்டும் கத்தரிக்கோல் வேண்டும், அது பெரியவர்களின் கையில் இருக்கட்டும். பிள்ளை வட்டத்தைப் பாதியாக மடிக்க வேண்டும். ஒரே மடிப்பு. வளைந்த பக்கம் கீழே வரும்படி சற்று விரித்து மேசையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். செம்மஞ்சள் நிறத்தில் சின்னச் சதுரம் ஒன்றை மூலைக்கு மூலை மடித்து மேல் மூலையில் ஒட்டினால் சொண்டு. கண்ணைப் பிள்ளையே கீறட்டும். ஒரு பிள்ளை ஒரே பக்கத்தில் மூன்று கண் கீறியது, அதுவும் ஆடியது.

ஈஸ்டர் காலத்தில் நோர்வே முழுவதும் மஞ்சளாகிவிடும், பார்னஹாகேயிலும் குஞ்சு செய்வார்கள். கோயில் வகுப்பிலும் அதையே செய்யலாமா என்று ஒரு தகப்பன் கேட்டார். ஏன் கூடாது? எங்கள் ஊரில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போது 'என்ரை குஞ்சு' என்றுதானே சொல்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருவரையொருவர் குஞ்சு குஞ்சு என்று கூப்பிட்டு அரை மணித்தியாலம் போனது. வேறு வேண்டுமென்றால் இதே வட்டத்தைக் கறுப்பில் வெட்டி, வயிற்றுக்கு வெள்ளையும் நீண்ட சிவந்த சொண்டும் வைத்தால் ஷெல்ட் என்ற கடற்கரைப் பறவை. பங்குனி மாதத்தில் இந்தக் கரைகளுக்குத் திரும்பி வருகின்ற பறவை அது. பியோர்டின் கரையோரம் நடக்கும்போது பிள்ளை அடையாளம் கண்டு கத்தும்.

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சதுரத்தை ஒரு மூலையிலிருந்து தொடங்கி, மேலே ஒரு மடிப்பு கீழே ஒரு மடிப்பாக விசிறி போல மடித்துப் போய், நடுவில் நூலாற் கட்டி இரு பக்கமும் விரித்துவிட்டால் சரி. மாறி மாறி மடிப்பது சின்னவர்களுக்குப் பிடிபடாது. அம்மா சேலைக்குக் கொய்யகம் வைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, "கொய்யகம் மாதிரி" என்று ஒரு சொல் போதும்.

கடைசியாகக் கப்பல். இது எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் பாதியில் மறந்துபோனவர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன். இதற்குச் சதுரம் வேண்டாம், முழு ஏ4 தாள். நெடுக்காக வைத்து மேல் பாதியைக் கீழே மடியுங்கள். மடித்த பக்கம் மேலே இருக்கட்டும். மேல் மூலைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். கீழே மிஞ்சுகின்ற பட்டியில் முன்னதை முன்பக்கமும் பின்னதைப் பின்பக்கமும் மேலே மடித்தால் தொப்பி. (சில பிள்ளைகள் இங்கேயே நிறுத்திவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். விடுங்கள்.) தொப்பியின் வாயை விரித்து, இரு ஓரங்களும் ஒன்றோடொன்று சேரும்வரை அமத்தினால் சதுரமாகும். பட்டியின் மூலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிடுங்கள். சதுரத்தின் திறந்த மூலை கீழே இருக்க, முன் மடலை மேலேயும் பின் மடலை மறுபக்கம் மேலேயும் மடித்தால் முக்கோணம். மறுபடியும் வாயை விரித்துச் சதுரமாக்குங்கள். இப்போது மேலே இருக்கின்ற இரண்டு கூர்களையும் இரு கையாலும் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். கப்பல் பிறக்கும். அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

மடிப்பதற்கு முன்பே தாளின் வெளிப்பக்கத்தில் மெழுகு நிறக்குச்சியை அழுத்தித் தேய்த்துவிட்டால் தண்ணீர் ஊறக் கொஞ்சம் தாமதமாகும். நிறமும் கிடைக்கும்.

ஊரில் மாரி வெள்ளத்தில் கப்பல் விட்டோம். இங்கே அதற்கு ஈடானது, பனி உருகித் தெருவோரத்தால் ஓடுகின்ற தண்ணீர்தான். சப்பாத்தும் மழைக் காற்சட்டையும் போட்டு, வாகனம் வராத முற்றத்தில் விடுங்கள். நீதெல்வா ஆற்றங்கரைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். உருகிய பனித்தண்ணீர் சேர்ந்து ஆறு இந்த மாதங்களில் இழுவையாகவும் கடுங்குளிராகவும் இருக்கும், கப்பலைத் தொடர்ந்து பிள்ளை ஓடும். முற்றத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் குளியலறையில் ஒரு பெரிய கோப்பை நிறையத் தண்ணீர் வைத்தாலும் ஓடும். ஊறிப்போன கப்பல்களைப் பொறுக்கிக் கடதாசிக் குப்பைக்குள் போடுகின்ற வேலை பிள்ளைகளுடையது.